பழைய அம்பாசடர் ஏன் இப்படிக் கத்துது? ஸ்பிரிங் பட்டைக்கு ஆயில் விடலாமா, கூடாதா?

தென்னூரில் கிளம்பி மெயின் கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சேரும் தூரம் பெரிசா ஒண்ணும் இல்லை. இன்றைய காரில் போனால் ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள ராஜகோபுரம் தெரிஞ்சிடும். அதே வழியில் ஐம்பது வயசு அம்பாசடரில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் சீட்டுக்குக் கீழே இருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். 1976-ல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது வண்டி எப்படித் தூக்கிப் போடும் என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் போக்குவரத்தை நிறுத்திச் சில மாதங்கள் வேலை பார்த்து அதைச் சரி செய்தார்கள். பாலம் சரியாகிவிட்டது. தாத்தாவின் கார்தான் இன்னும் கத்துகிறது.

தாத்தா, அப்பா வைத்திருந்த வண்டியை விற்க மனசில்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்து ஓட்டும் இளைஞர்கள் இப்போது நிறைய பேர். அவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி இதுதான். பட்டைக்கு ஆயில் விடலாமா? ஒரு மெக்கானிக் "அடிச்சா வெண்ணெய் மாதிரி போகும்" என்பார். இன்னொருவர் "கைய வைக்காதீங்க, பட்டை ஒடைஞ்சிடும்" என்பார். வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பட்டைன்னா எது?

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேலே இருப்பது மெயின் பிளேட், அதுதான் ஆக நீளம். அதன் இரண்டு நுனியும் சுருண்டு வளையமாக இருக்கும், அதைக் 'கண்' என்பார்கள். கீழே போகப் போக பிளேட் குட்டையாகிக்கொண்டே வரும். நடுவில் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு சென்டர் போல்ட். அச்சோடு சேர்த்துக் கட்டுவதற்கு யூ போல்ட். ஒரு கண் பாடியில் நேராக மாட்டியிருக்கும். இன்னொரு கண் 'ஷாக்கிள்' என்ற சின்ன ஊஞ்சலில் தொங்கும். பட்டை அமுங்கும்போது நீளம் கூடும் இல்லையா, அதற்கு இடம் விடத்தான் அந்த ஊஞ்சல்.

நம் ஊருக்கு இது காரோடு வந்த சமாச்சாரம் இல்லை. வில்வண்டி என்ற பெயரே இந்தப் பட்டையால் வந்ததுதான். சாதாரணக் கட்டை வண்டியில் அச்சு நேராகப் பலகையில் உட்காரும், குழியில் விழுந்தால் முதுகெலும்பு எண்ணும். வில்வண்டியில் நடுவே இரும்பு வில் இருக்கும். அதனால் அது வசதி உள்ளவர் வண்டி, அந்தஸ்தின் அடையாளம். 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி சாதித் தடையை மீறிப் பொதுச் சாலையில் ஓட்டிப் போனது வில்வண்டிதான். சும்மா ஒரு வண்டியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கிலாந்தில் ஓபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கான நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கியது 1804-ல். அதற்குப் பிறகு குதிரை போய் இன்ஜின் வந்தது, பட்டை அப்படியே இருந்தது. 1957 வாக்கில் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றி வந்து, 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரை ஓடிய அம்பாசடரின் பின்பக்கம் பட்டைதான். ஃபியட் 1100 என்றும் பிறகு பிரீமியர் பத்மினி என்றும் அழைக்கப்பட்ட காரின் பின்பக்கமும் அதேதான். பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பட்டை. நம் மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961-ல் தயாரிக்க ஆரம்பித்த ஹெரால்டு மட்டும் கொஞ்சம் விசித்திரம். அதில் பின்னால் ஒரே ஒரு பட்டைக் கட்டுதான், அதுவும் நீளவாக்கில் இல்லாமல் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை குறுக்கே கிடக்கும்.

பொன்மலை ரயில்வே பணிமனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பழைய நாலு சக்கர கூட்ஸ் வேகன்களையும் இதே மாதிரிப் பட்டைகள்தான் தாங்கின.

சத்தம் எங்கிருந்து வருது?

ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். பக்கங்களின் ஓரம் ஒன்றை ஒன்று தாண்டி நகரும். பட்டையிலும் அதேதான் நடக்கிறது. வண்டி அமுங்கி எழும் ஒவ்வொரு முறையும் ஒரு பிளேட் இன்னொன்றின்மேல் வழுக்கும். நடுவில் நகர்வு கிட்டத்தட்ட இல்லை. நுனியில்தான் அதிகம், அதுவும் சில மில்லிமீட்டர்தான். இரண்டு இரும்பு, நடுவில் துரு, மேலே வண்டியின் பாரம். கத்தாமல் என்ன செய்யும்?

இந்த உராய்வு வெறும் தொல்லை இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் என்பது வாங்கிய அதிர்வைத் திருப்பிக் கொடுக்கும் சாதனம். அதைத் தடுக்க எதுவும் இல்லையென்றால் ஒரு குழிக்குப் பத்து தடவை ஆடும். இன்று அதைத் தடுக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. அது இல்லாத காலத்தில் பிளேட்டுகளுக்கு இடையிலான உராய்வுதான் ஆட்டத்தை அடக்கியது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி காரில் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஷாக் அப்சார்பரே கிடையாது. அப்படியும் அந்தக் காரின் கையேடு, பிளேட்டுகளை நுனியில் நெம்பி விலக்கி எண்ணெயோ கிராஃபைட்டோ விடச் சொன்னது. உராய்வு வேண்டும், ஆனால் அளவோடு, சீராக வேண்டும். விஷயமே அதுதான்.

துரு பிடித்த பட்டையில் உராய்வு சீராக இருக்காது. சின்னக் குலுக்கலுக்குப் பட்டை அசையவே அசையாது, ஒட்டிக்கொண்ட ஒரே கட்டை மாதிரி நிற்கும், அதிர்வு முழுக்க சீட்டுக்கு வரும். பெரிய குழி வந்தால் சட்டென்று விட்டுக்கொடுக்கும், அப்போதுதான் அந்தக் கிறீச்.

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். துருவை அப்படி விட முடியாது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். பிளேட்டுகளுக்கு நடுவே அது ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்து தகடுகளைப் பிரிக்கும். பிரிந்த இடைவெளியில் மழைத்தண்ணீரும் மண்ணும் தங்கும், அதனால் இன்னும் துரு. தேய்ந்தும் அரித்தும் உண்டாகும் குட்டிக் குழிகளில்தான் விரிசல் பிறக்கிறது. பட்டை உடைவது பெரும்பாலும் அப்படி ஏற்கெனவே ஓடியிருந்த விரிசலில்தான். மெயின் பிளேட் உடைந்தால் அச்சு இடம் நகர்ந்துவிடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அது திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆயில் விடறதுக்கு முன்னாடி

சத்தம் பட்டையில் இருந்துதான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணுக்குள் இருக்கும் புஷ், ஷாக்கிள், ஷாக் அப்சார்பரின் முனை, சைலன்சர் தொங்கும் ரப்பர் எல்லாமே ஏறக்குறைய இதே ராகத்தில் பாடும். இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒருவர் டிக்கியை அமுக்கி அமுக்கி விட வேண்டும். இன்னொருவர் ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக நனைக்க வேண்டும். எந்த இடம் நனைந்ததும் சத்தம் அடங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. தண்ணீர் ரப்பரைக் கெடுக்காது, ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஆயிலை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் எல்லா இடமும் ஆயிலாகி, எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

புஷ்தான் கத்துகிறது என்றால் அது வேறு வைத்தியம். ரப்பர் புஷ்ஷுக்குப் பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆயில், கிரீஸ், டீசல் எதுவும் ஆகாது. இயற்கை ரப்பர் அதைக் குடித்து உப்பி, மெத்தென்று ஆகி, கடைசியில் பிய்ந்துவிடும். தேய்ந்த ரப்பர் புஷ்ஷை மாற்றத்தான் வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் ஷாக்கிளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். அங்கே ரப்பர் இல்லை, இரும்பு மரைதான். அதற்குக் கிரீஸ் கன் வைத்து அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் வைத்தியம்

நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பது என்ன? வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடுவார்கள். அடியில் பிரஷரில் தண்ணீர் அடித்து முடித்ததும், டீசலும் இன்ஜினில் இருந்து வடித்த கழிவு ஆயிலும் கலந்து அடிப்பாகம் முழுக்க ஸ்பிரே செய்துவிடுவார்கள். "பட்டைக்கு ஆயில் அடிச்சாச்சு சார்." வெளியே வரும்போது வண்டி உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஒரு வாரத்துக்கு.

பிறகு என்ன ஆகிறது? டீசல் ஆவியாகியும் வழிந்தும் போய்விடும். மிஞ்சிய ஆயிலில் ரோட்டுப் புழுதி ஒட்டும். காவிரி, கொள்ளிடம் என்று ஆற்று மணல் காற்றில் பறக்கிற ஊரில் அந்தப் புழுதியில் பாதி மணல். ஆயிலும் மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாளுக்குச் சமம், பட்டையைத் தேய்த்தெடுக்கும். தண்ணீர் அடித்த கையோடு ஆயில் அடிப்பதால் பிளேட்டுக்குள் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைபடும். துருவை நிறுத்துவதற்குச் செய்த வேலை துருவை வளர்க்கிறது.

இதைவிட முக்கியமான ஆபத்து பிரேக். பட்டைக்கும் பிரேக் டிரம்முக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. ஸ்பிரே அடிக்கும்போது டிரம்முக்குள் கொஞ்சம் ஆயில் போனாலே பிரேக் லைனிங் அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் பிரேக் மிதித்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. சத்தத்தை நிறுத்தப் போய் வண்டியை நிறுத்த முடியாத நிலை. அடித்த கழிவு ஆயில் கடைசியில் சாக்கடைக்கும் மண்ணுக்கும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் தயங்காமல் கைவிடலாம்.

அப்போ என்னதான் போடறது?

பிளேட்டுகளுக்கு நடுவே நிற்க வேண்டும், வழியக் கூடாது, மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றுக்கும் கிட்டத்தட்டப் பொருந்துவது கிராஃபைட் கலந்த கிரீஸ், இல்லையென்றால் மாலிப்டினம் கலந்தது. பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான். அதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சுலபமாக வழுக்கும். கிரீஸில் இருக்கும் எண்ணெய் வற்றிய பிறகும் கருப்புப் பொடி அங்கேயே தங்கி வேலை செய்யும். பாரம் அதிகம், வேகம் குறைவு என்ற இடத்துக்கு இது சரியான மருந்து.

நம் வண்டிக்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் எப்போதோ தெரியும். மாட்டு வண்டி அச்சுக்குப் போட்ட வண்டி மசி என்பது வைக்கோலை எரித்த கரியும் விளக்கெண்ணெயும் குழைத்ததுதான். வழுவழுப்புக்கு எண்ணெய், தங்கி நிற்கக் கரி. விளக்கெண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு, அது இயற்கை ரப்பரைக் கெடுக்காது. ஆரம்பகால பிரேக் ஆயிலே விளக்கெண்ணெய் கலந்ததாக இருந்ததற்குக் காரணம் அதுதான். காஸ்ட்ரால் என்ற பெயரில் இருப்பதும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரே. அதற்காக வீட்டில் இருக்கும் விளக்கெண்ணெயை எடுத்துப் பட்டைக்கு ஊற்றிவிட வேண்டாம். காற்றுப் பட்டுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகிவிடும். மாட்டு வண்டிக்காரர் அடிக்கடி புதுசாக மசி போட்டுக்கொண்டே இருந்தார். நாம் ஆறு மாதம் அந்தப் பக்கமே போக மாட்டோம்.

கழற்றாமல் செய்வதாக இருந்தால் முதல் வேலை பாரத்தை இறக்குவது. வண்டியை அச்சில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் பட்டை அமுங்கித்தான் இருக்கும், பிளேட்டுக்குள் ஒன்றும் போகாது. பாடியின் உறுதியான பகுதியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அச்சைத் தொங்கவிட வேண்டும். அப்போது பட்டை தளர்ந்து நுனிகளில் மயிரிழை இடைவெளி திறக்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி, செங்கல்லை அடுக்கி வைத்து வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி சரியும்போது முன்னறிவிப்பு எதுவும் தராது.

வயர் பிரஷ் வைத்து ஓரங்களைச் சுரண்டி, மண்ணை எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை நுனிகளில் கொஞ்சமாக விட்டு ஒரு ராத்திரி ஊறவிடலாம். மறுநாள் துடைத்துவிட்டு, மெல்லிய தகட்டின் முனையில் கிராஃபைட் கிரீஸைத் தொட்டு இடைவெளியில் தள்ளுவது. நடுப்பகுதிக்குப் போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அங்கே நகர்வே இல்லை. வெளியே பிதுங்கியதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. மேலே வழிந்து நிற்கும் கிரீஸ் புழுதிக்கு வைத்த விருந்து. ரப்பர் புஷ் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு பழைய துணியைச் சுற்றிவிட்டால் போதும்.

கழற்றியே ஆகணும்னா

பிளேட்டுகள் துருவில் ஒட்டிப்போய், நுனியில் தகடு நுழையவே இல்லை என்றால் மேலோட்ட வைத்தியம் பலிக்காது. கட்டைக் கழற்றி, பிளேட் பிளேட்டாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இது வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை, பட்டை வேலை தெரிந்த ஒருவரிடம் விடுவதே நல்லது. காரணம், குட்டை பிளேட்டுகள் மெயின் பிளேட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவோடு அடிக்கப்பட்டிருக்கும். சென்டர் போல்ட் அவற்றை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. கிளாம்ப் போடாமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் மொத்தக் கட்டும் வெடித்த மாதிரி விரியும், கை போய்விடும். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட்டை எடுத்த பிறகு கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

விடும் இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. பிளேட்டுகளின் வரிசையும், எது முன்பக்கம் என்பதும் சாக்பீஸில் குறிக்கப்பட்டதா? துருவை எடுத்த பிறகு விரிசல் பார்த்தார்களா? மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் உள்ளே போன எண்ணெய் கசிந்து ஈரக்கோடு போடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காட்டிக்கொடுக்கும் பழைய தந்திரம் இது. மேல் பிளேட்டில் கீழ் பிளேட்டின் நுனி ஆழமாகப் பள்ளம் போட்டிருந்தால் அந்த பிளேட்டை மாற்றுவதே நல்லது.

திரும்பப் பூட்டும்போது சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதுசாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் புஷ்ஷில் போகும் போல்ட்டுகளைக் கடைசியாக, வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். அவசரத்தில் அதிகம் தவறவிடப்படும் படி இதுதான். இரண்டு மூன்று நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டை இன்னொரு தடவை பார்த்து இறுக்க வேண்டும்.

1920, 30களின் கார்களில் பட்டையைச் சுற்றித் தோல் உறை தைத்து, உள்ளே கிரீஸ் நிரப்பி வைக்கும் வழக்கம் இருந்தது. மண்ணும் தண்ணீரும் போகாது, கிரீஸும் வழியாது. இன்றும் செய்யலாம். ஆனால் சுத்தம் செய்யாத பட்டைக்கு உறை போட்டால் துருவை மூடி மறைத்த மாதிரிதான்.

"கைய வைக்காதீங்க" என்று சொன்ன மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான். ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் பட்டையை மட்டும் வழுக்கவிட்டால், அதுவரை ஆட்டத்தை அடக்கிய ஒரே பிரேக்கையும் எடுத்த மாதிரி. வண்டி படகு மாதிரி ஆடும். அமுங்கும் தூரமும் கூடிவிடும். முதலில் ஷாக் அப்சார்பரைப் பார்த்துவிட்டு அப்புறம் கிரீஸைக் கையில் எடுக்கலாம். சில வண்டிகளில் பிளேட் நுனிகளுக்கு இடையே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்திருப்பார்கள். அங்கே ஆயில், கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

காயில் ஸ்பிரிங் போட்டுட்டா?

"எதுக்கு இந்தத் தலைவலி, பட்டையைத் தூக்கிட்டு காயில் ஸ்பிரிங் வெச்சிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் மெக்கானிக் கேள்வி இல்லை இது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருஷத்துக்கு மேல் ஆன, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகள் அதில் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து இருக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

நிபந்தனை, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே எல்லாவற்றையும் தாங்குகிறது. அதில் காயில் ஸ்பிரிங் வைக்க வேண்டுமென்றால் பாடியை வெட்டி ஒட்டத்தான் வேண்டும். பிறகு அது எந்த அளவுக்கு அசல் என்ற கேள்வி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழும். இன்னொன்றும் உண்டு. வி.ஏ. பதிவு வாங்கிய வண்டியைத் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் வரலாம். அந்தப் பதிவு நமக்கு வேண்டுமா என்பதை முடிவு செய்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

பட்டை உடைந்தே போனால்? சிலர் வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம் என்பார்கள். செய்யாதீர்கள். சிலிக்கான், மாங்கனீஸ் கலந்த அந்த எஃகைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தித்தான் அதற்கு வில்லின் குணம் வந்திருக்கிறது. வெல்டிங் சூடு பட்டதும் அந்த இடத்தில் பதம் போய்விடும், அடுத்த குழியில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். உடைந்த பட்டைக்கு நம் ஊரில் வேறு மரியாதை இருக்கிறது. கொல்லுப்பட்டறையில் அது நல்ல விலைக்குப் போகும், அரிவாளாகவும் வெட்டுக்கத்தியாகவும் திரும்பி வரும்.